மூன்று புத்தகங்களின் சராசரி

சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடம் இல்லாமல் போயிருந்தது. மேசை முழுக்கச் சமையல் புத்தகங்கள்.

"ஊர்ல எல்லார் வீட்டுலயும் சமையல் புத்தகம் வாங்கினா சாப்பாடு கூடும். நம்ம வீட்டுல மட்டும் குறையுது," என்றார் பிரேக் மாஸ்டர், தட்டை மடியில் வைத்துக்கொண்டு.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்ள வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்தே வாழ்க்கையை ஓட்டியதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, படத்தில் கார் வேகமாக வந்தால் அவர் வலது கால் தரையை அழுத்தும்.

"மேசைல கை வைக்காதீங்க. அடையாளம் வச்ச பக்கம் மாறிடும்," என்றாள் அவர் மனைவி.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. துளி மேடம். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மூத்த ஆய்வாளர். கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைத் துளித் துளியாக விட்டு, தண்ணீரின் நிறம் மாறும் அந்த ஒரு துளியில் கையை நிறுத்துவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரை, ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுபோன கணவர் காதில் வாங்கி வந்து வீட்டிலும் புழக்கத்தில் விட்டுவிட்டார்.

அந்தத் துளி மேடம்தான் இப்போது தாய்லாந்துச் சமையலில் தலைகுப்புற விழுந்திருந்தாள்.

காரணம் தம்பி. ஒரே தம்பி. அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அக்காதான். குளிர்சாதன மெக்கானிக்காக வெளிநாடு போனவன், அங்கே ஒரு தாய்லாந்துப் பெண்ணைப் பார்த்து, பேசி, பதிவுத் திருமணமும் முடித்துவிட்டு அக்காவுக்கு போன் செய்தான். பெண் பல் டாக்டரிடம் உதவியாளர். கடைவாய்ப் பல் வலி என்று போனவனிடம் அவள் முதலில் பேசியதே வாயைத் திறக்கச் சொல்லித்தானாம். "அதை உங்க பாஷைல எப்படிச் சொல்றதுன்னு கேட்டா அக்கா. சொல்லிக் குடுத்தேன். அப்படியே பழகிடுச்சு," என்று சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை. தனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்ற ஆத்திரம். அதை அப்படியே சொல்லியிருந்தால் பரவாயில்லை. "அந்தப் பொண்ணு நம்ம வீட்டுல என்னத்தச் சாப்பிடும்? அதுக்குன்னு நான் தனியா ஒரு அடுப்பு வைக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள்.

"அடுப்பெல்லாம் வேண்டாம்க்கா. நாங்க வந்தா ஓட்டல்ல தங்கிக்கிறோம்," என்று தம்பி போனை வைத்தான். அதற்குப் பிறகு அவன் பேச்சு "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்" என்ற அளவோடு நின்றுபோனது.

இப்போது இருவரும் விடுமுறைக்கு வருகிறார்கள். சொன்னபடியே ஓட்டலில் அறை எடுத்தாயிற்று. அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சாப்பாடு. அவ்வளவுதான்.

"அந்த ஒரு சாப்பாடு சரியா அமைஞ்சா அவன் பெட்டியைத் தூக்கிட்டு இங்க வந்துடுவான்," என்றாள் துளி மேடம்.

"அமையலன்னா?"

"அமையலன்னா அடுத்த தடவை அவன் ஊருக்கு வந்துட்டுப் போனதையே நமக்குப் போட்டோல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

பிரேக் மாஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

* * *

இந்தப் புத்தக வேட்டை சில நாட்களுக்கு முன்பு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய புத்தகக் கடையில் தொடங்கியிருந்தது. கடைக்காரம்மா மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு, அந்த நாற்காலியை விட்டு எழுவதில்லை என்ற கொள்கையோடு வியாபாரம் செய்கிறவர்.

"தாய்லாந்துச் சமையல் புத்தகம் இருக்கா?"

"சமைக்கவா, பார்க்கவா?"

"இது என்ன கேள்வி?"

"கேட்டுத்தான் குடுப்பேன். சமைக்கிறவங்களுக்கு ஒரு அலமாரி, பார்க்கிறவங்களுக்கு ஒரு அலமாரி. கூட்டம் எப்பவும் பார்க்கிறவங்க அலமாரி பக்கம்தான்."

"சமைக்கத்தான். ஆனா அளவு துல்லியமா இருக்கணும். தேவையான அளவு, ருசிக்கு ஏற்பன்னு எழுதின புத்தகம் எனக்கு வேண்டாம்."

கடைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வாத்தியாரம்மாவா?"

"தண்ணி பரிசோதிக்கிறவ."

"அதானே பார்த்தேன்," என்று அலமாரியைக் கைகாட்டினார்.

முதல் புத்தகம் பெரிய ஓட்டல் சமையல்காரர் ஒருவர் எழுதியது. தலையணை கனம். வழவழப்பான தாள். ஒரு சூப்பு வைக்க வேண்டுமென்றால் முந்தின நாளே மூன்று விழுது அரைத்து வைத்திருக்க வேண்டும், அந்த விழுதுக்கு வேறொரு பக்கத்தில் வேறொரு விழுது. இரண்டாவது, அவசரக்காரர்களுக்கானது. அதில் எதுவுமே கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை; புளிக்குப் பதில் தக்காளி சாஸ், மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ், பனை வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை. மூன்றாவது உடல் இளைக்க விரும்புகிறவர்களுக்கு. தேங்காய்ப்பாலைச் சொல்லும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் புத்தகம்.

மூன்றிலும் கிராம் கணக்கு சுத்தமாக இருந்தது. துளி மேடம் மூன்றையும் எடுத்துக்கொண்டாள்.

"புத்தகம் நல்லதா கெட்டதான்னு பார்க்கத் தெரியுமா?" என்றார் கடைக்காரம்மா. "புத்தகத்தோட முதுகை மேசைல ஊன்றி நிறுத்திட்டுக் கையை எடுங்க. தானா எந்தப் பக்கம் திறக்குதோ, அது வீட்டுல சமைச்ச பக்கம்."

மூன்றையும் நிறுத்திப் பார்த்தாள். ஓட்டல்காரர் புத்தகம் அட்டைப் பக்கம் சாய்ந்தது. அவசரக்காரர் புத்தகம் அப்படியே நின்றது. இளைப்புப் புத்தகம் முன்னுரையில் திறந்தது.

"பார்த்தீங்களா? யாரும் சமைக்கல. இப்ப இதை நிறுத்துங்க," என்று நாற்காலிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். படம் இல்லை. அட்டையின் ஓரம் அடுப்பில் பட்டுக் கருகியிருந்தது. நிறுத்திய மாத்திரத்தில் தொப்பென்று நடுவில் திறந்து படுத்தது. கோழியும் தேங்காய்ப்பாலும் போட்ட சூப்புப் பக்கம். பக்கம் முழுக்கப் பழுப்புக் கறை.

"இது என்ன கறை?"

"மீன் சாஸா இருக்கும். மோந்து பாருங்க."

துளி மேடம் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவள் வேலை பார்க்கும் இடத்தில் இப்படி ஒரு குப்பி வந்தால் மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்புவாள்.

"சும்மா எடுத்துட்டுப் போங்கம்மா. யாரும் வாங்க மாட்டேங்கறாங்க. வச்சிருந்தா மத்த புத்தகத்துக்கும் வாசம் ஏறுது," என்று கடைக்காரம்மா அதை அவள் பையில் போட்டுவிட்டார்.

* * *

வீட்டுக்கு வந்து பார்த்தால் புதுச் சிக்கல். மூன்று புத்தகத்திலும் அதே சூப்பு இருந்தது. மூன்றிலும் அளவு வேறு வேறு. ஒருவர் மீன் சாஸைத் தாராளமாக ஊற்றச் சொன்னார். இன்னொருவர் ஒரு சின்னக் கரண்டியோடு கையைக் கட்டினார். மூன்றாமவர் இரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு மீன் சாஸை மறந்துவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் இதில் எது நல்ல புத்தகம் என்று யோசித்திருப்பார்கள். துளி மேடம் கட்டம் போட்ட தாளை எடுத்தாள். பரிசோதனைக் கூடத்தில் மூன்று முறை சோதித்து மூன்று முடிவு வந்தால் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். கூட்டி மூன்றால் வகுத்தாள்.

"என்ன பண்றே?" என்றார் பிரேக் மாஸ்டர்.

"சராசரி எடுக்கறேன்."

"குழம்புக்கா?"

"சூப்புக்கு."

"மூணு பேர் மூணு வழி சொன்னா, மூணுக்கும் நடுவுல ஓட்டுவியா? நடுவுல வீடு இருக்கும், துளி."

அவள் காதில் வாங்கவில்லை. எலுமிச்சம்பழம் ஒன்றுக்கொன்று புளிப்பு மாறும் என்று, நிறம் மாறும் காகிதத் துண்டை ஒவ்வொரு பழத்தின் சாற்றிலும் நனைத்து வரிசையாக உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"பழத்துக்கு ரத்தப் பரிசோதனையா? அப்படியே சர்க்கரை இருக்கான்னும் பாத்துடு. எனக்குத்தான் ஆகாது."

சாமான் எல்லாம் வந்து சேர்ந்தது. இஞ்சிக்குத் தூரத்துச் சொந்தம்போல இருக்கும் அரத்தை. கத்தை கத்தையாக எலுமிச்சம்புல். ஒரே காம்பில் இரண்டு இலை ஒட்டியதுபோல இருக்கும் எலுமிச்சை இலை. மீன் சாஸ் பாட்டிலைத் திறந்தபோது பிரேக் மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஓர் ஒத்திகை வைத்தாள். எடை போட்டு, அளந்து, கடிகாரம் பார்த்து, சராசரியிலிருந்து ஒரு துளிகூட விலகாமல். கொதிக்கும்போதே கரண்டியை நீட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நிஜமாவா?"

"நல்லா இருக்கு, நீ பாட்டுக்குப் போ."

இருவரும் சாப்பிட்டார்கள். அவளுக்கு என்னமோ குறைந்தது, என்னவென்று தெரியவில்லை. புதுச் சமையல், இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள். தட்டு கழுவி, மேடை துடைத்து, துணியையும் பிழிந்து காயப்போட்ட பிறகு பிரேக் மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"வண்டி நின்னாச்சு. இப்ப சொல்லவா?"

அவர் தொழிலில் ஒரு விதி. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஓட்டுகிறவரைக் குறை சொல்லக் கூடாது, கை நடுங்கிவிடும். ஓரமாக நிறுத்திய பிறகுதான் சொல்ல வேண்டும். அடுப்பு எரியும்வரை அவருக்கு எல்லாச் சமையலும் ஓடுகிற வண்டி.

"சொல்லுங்க."

"உங்க ஆபீஸ் தண்ணி மாதிரியே இருக்கு. நிறத்துல குத்தமில்ல, மணத்துல குத்தமில்ல. சான்றிதழ் குடுத்துடலாம். குடிக்கத்தான் முடியல."

துளி மேடம் காயப்போட்ட துணியை எடுத்து மறுபடி ஒருமுறை பிழிந்தாள். பிறகு, "இதைக் கொதிக்கும்போதே சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்பேன்ல?" என்றாள்.

"நீ ஒரு வாய் பார்த்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்ல?"

அங்கேதான் வம்பு. துளி மேடம் சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டாள். வேலையில் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது, கையில் குப்பி இருக்கும்போது வாய் மூடியிருக்க வேண்டும் என்பது. நுனிநாக்கில்கூட எதையும் வைக்கக் கூடாது. அந்தப் பழக்கம் குப்பியிலிருந்து கரண்டிக்கு எப்போது தாவியது என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் வழக்கமாக வைக்கும் சமையலுக்கு அது இடைஞ்சலாக இருந்ததும் இல்லை. கைப்பழக்கம், கண், மூக்கு போதும். நாக்கு தேவைப்படும் சமையல் இப்போதுதான் முதல் முறையாக வீட்டுக்குள் வந்திருக்கிறது.

கறைப் புத்தகத்தை அன்றுதான் திறந்து படித்தாள். யாரோ ஒரு வீட்டுக்காரம்மா எழுதியது. அளவே இல்லை. "மீன் சாஸ் ஊற்று. ருசி பார். அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சை பிழி. ருசி பார். போதுமா என்று என்னைக் கேட்காதே, உனக்கே தெரியும்."

"எனக்கே தெரியும்னா எனக்கு எதுக்குப் புத்தகம்?" என்று தூக்கி மேசை ஓரத்தில் போட்டாள். போட்ட கையோடு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மிச்சமிருந்த சூப்பில் கரண்டியை விட்டு வாய்க்குக் கொண்டுபோனாள். உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றுவிட்டது.

அடுப்படி வாசலில் நின்ற பிரேக் மாஸ்டர் சொன்னார்: "உனக்கும் ஒரு பிரேக் இருக்கு போல."

"மிதிச்சது நான் இல்ல."

"அதான் கஷ்டம். என் பிரேக்காவது என் காலடில இருக்கு." கொஞ்சம் தள்ளி வந்து நின்றார். "ஒண்ணு சொல்லவா? தியேட்டர் பக்கத்துல ஒரு தாய்லாந்து ஓட்டல் இருக்கு. வாங்கிட்டு வந்து நம்ம பாத்திரத்துல ஊத்திடலாம். யாருக்குத் தெரியும்?"

"தம்பிக்குத் தெரியும்."

"மூடியைத் திறந்ததும் கண்டுபிடிச்சுடுவானா?"

"மூடியைத் திறந்தா போதும்ங்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் நேரா அடுப்படிக்குப் போயி ஒவ்வொரு மூடியா திறந்து பார்க்கிறவன். இப்ப திறப்பானான்னே தெரியல."

* * *

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கையில் பழப்பை. பெட்டி இல்லை.

தம்பி அடுப்படிக்குப் போகவில்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். பக்கத்தில் அவன் மனைவி, கைகூப்பி, தலை தாழ்த்தி, பயந்த சிரிப்போடு.

"தண்ணி குடிக்கிறியாடா?"

"பரவால்லக்கா."

"மோர்?"

"இருக்கட்டும்க்கா."

"மாப்ளே, இன்டர்வியூவுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கியே. வேலை உனக்குத்தான், சாய்ஞ்சு உக்காரு," என்றார் பிரேக் மாஸ்டர்.

தம்பி சிரித்தான். சாயவில்லை.

துளி மேடம் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் திருத்தப்பட்ட சராசரி. ஒத்திகைக்குப் பிறகு எல்லாவற்றையும் கால் பங்கு கூட்டியிருந்தாள். அது தேறுமா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

பின்னால் காலடிச் சத்தம். தம்பி இல்லை, தம்பி மனைவி. மீன் சாஸ் வாசனை அவளை எழுப்பிக் கூட்டி வந்திருந்தது. மேடையைப் பார்த்தாள். நான்கு புத்தகங்கள், எடை மெஷின், கோடு போட்ட கண்ணாடிக் குவளை, வரிசையாக உலர்ந்த காகிதத் துண்டுகள். அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையே இதைவிட வீடு மாதிரி இருந்திருக்கும்.

"எனக்காகவா?" என்றாள். தமிழ் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

"உனக்காகத்தான். ருசி பாக்கறியா?"

அவள் கரண்டியால் எடுத்து, ஊதி, குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊருக்கெல்லாம் தண்ணீரின் முடிவை எழுதிக்கொடுக்கும் துளி மேடம், இன்னொருவர் முடிவுக்காகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அக்கா," என்று அவள் வார்த்தை தேடினாள். "ரொம்பச் சுத்தமா இருக்கு."

அடுப்படி வாசலில் பிரேக் மாஸ்டர் இருமினார். துளி மேடம் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் இருமல் கூடத்துப் பக்கம் போய்விட்டது.

"சுத்தமா இருக்குன்னா?"

"எங்க வீட்டு சூப்புல புளிப்பு முன்னாடி வரும். பக்கத்து வீட்டுல உப்பு முன்னாடி வரும். இதுல எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க. யாரும் முன்னாடி வரல." சொல்லிவிட்டுப் பயந்துபோய், "தப்பா சொன்னேனா?" என்றாள்.

"இல்லம்மா. சரியாத்தான் சொன்னே." துளி மேடம் கரண்டியை அவள் கையில் கொடுத்தாள். "உங்க வீட்டு சூப்பாவே இருக்கட்டும். நீயே சரி பண்ணிடு."

பெண்ணின் முகம் மாறிவிட்டது. கரண்டியைச் சூடான கம்பியைப் பிடித்ததுபோலப் பிடித்துக்கொண்டாள். கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, எனக்கு சமைக்க தெரியாது."

"என்னது?"

"அம்மா கிச்சன்ல விட மாட்டாங்க. படி, படின்னு சொல்வாங்க. அப்புறம் வேலை. தெருவுல எல்லாம் கிடைக்கும், வாங்கி சாப்பிடுவேன். எனக்கு சாப்பிட தெரியும். செய்ய தெரியாது."

"அப்ப அவன்கிட்ட இதைச் சொல்லலையா?"

"அவர்க்கு தெரியும். உங்களுக்குத் தெரியக் கூடாது." மேடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க தனியா ஒரு அடுப்பு வைக்கணுமான்னு கேட்டீங்க. அவர் கோபப்பட்டார். நான் பயந்தேன். அக்கா எனக்கு ஒரு அடுப்பு குடுத்துடுவாங்க, அதுல நான் என்ன செய்வேன்? அதான் ஓட்டல். ஓட்டல் நான் சொன்னேன்."

துளி மேடத்துக்குச் சிரிப்பு முதலில் வந்ததா, கண்ணில் நீர் முதலில் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. அடுப்பைச் சிறியதாக வைத்தாள்.

"நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. உன்மேல கோபம் இல்ல. அவன் எனக்கு முன்னாடியே சொல்லலன்னு கோபம். அதை உன்மேல இறக்கிட்டேன்."

"பரவால்ல அக்கா."

"பரவால்லன்னு அவன் மாதிரியே சொல்லாத. நீயாவது மோர் குடி."

பெண் முதல் முறையாகப் பல் தெரியச் சிரித்தாள். பிறகு கரண்டியைப் பார்த்து, "நீங்க ருசி பாக்கலையா?" என்றாள்.

"பாக்கறதில்ல."

"ஏன்?"

"வேலைப் பழக்கம். கையில எதையாவது புடிச்சிருந்தா வாய் திறக்காது."

அவள் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. கையுறை போட்டிருக்கும்போது மூக்கு அரித்தாலும் தொட முடியாத வேலை அவளுடையது. வீட்டிலும் மூக்கை முழங்கையால்தான் தேய்ப்பாள் என்று தம்பி பிற்பாடு சொன்னான். தலையை ஆட்டினாள். கரண்டியில் சூப்பை எடுத்து ஊதினாள். இடது கையை அக்காவின் தாடைக்குக் கீழே லேசாகக் கொடுத்தாள். அதுவரை கீச்சென்று இருந்த குரல் திடீரென்று மாறி, இத்தனை வருடத்தில் எத்தனையோ பயந்தாங்கொள்ளிகளைப் பணியவைத்த குரல் வந்தது.

"அக்கா, வாயைத் திறங்க."

துளி மேடத்தின் வாய் திறந்துவிட்டது. பிரேக் பிடிக்க நேரமே இல்லை.

சூப்பு நாக்கில் பட்டது. அவள் விழுங்கினாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையே," என்றாள்.

"ஆமா அக்கா."

"இதையா நான் உனக்குக் குடுக்க இருந்தேன்?"

"ஆமா அக்கா."

பிறகு நடந்ததை எந்தப் புத்தகத்திலும் அளவோடு எழுத முடியாது. கறைப் புத்தகம் தானாகவே அந்தப் பக்கத்தைத் திறந்துகொண்டு மேடையில் கிடந்தது. மீன் சாஸ் ஊற்றினார்கள். வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள். வாயைத் திறங்க. பனை வெல்லத்தைக் கிள்ளிப் போட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சை பிழிந்தார்கள். சோதித்து வரிசைப்படுத்திய பழம் தீர்ந்து, சோதிக்காத பழத்திலும் கை வைத்தார்கள். "போதுமா என்று என்னைக் கேட்காதே" என்ற வரியைத் துளி மேடம் விரல் வைத்துப் படித்துக் காட்ட, பெண் "எங்க அம்மா மாதிரியே பேசறாங்க," என்று சிரித்தாள்.

இன்னும் அரைப் பழம் பிழிந்ததும் புளிப்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. துளி மேடத்துக்கு அது தெரிந்தது. நிறம் மாறும் அந்த ஒரு துளியில் கை நிற்குமே, அதேபோல, இந்த முறை நாக்கில்.

"போதும்," என்றாள். அதே நொடியில் பக்கத்திலும் "போதும்" என்றது.

* * *

புத்தகங்கள் அடுப்படி மேடைக்குப் போய்விட்டதால் மேசையில் சாப்பாடு வைக்க இடம் இருந்தது. தம்பி ஒரு வாய் குடித்தான். மனைவியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். கிண்ணத்தைக் காலி செய்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவாடா?" என்று துளி மேடம் எழப் போனாள்.

"நீ உக்காருக்கா," என்று அவனே எழுந்து அடுப்படிக்குப் போனான். உள்ளே ஒரு மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு மூடி. பிறகு இன்னொன்று. சூப்பு இருந்தது முதல் பாத்திரத்தில்தான்.

துளி மேடம் சாதத்தைக் குனிந்து பிசைந்துகொண்டே இருந்தாள். பிரேக் மாஸ்டர் அவளைப் பார்க்காததுபோல இருந்தார். தம்பி திரும்பி வந்து உட்கார்ந்ததும், அவள் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அந்த ஓட்டல் ரூம்ல அடுப்பு இருக்கா?"

"இல்லக்கா."

"அப்புறம் அங்க உக்காந்து என்ன பண்றீங்க?"

தம்பி பதில் சொல்வதற்குள் அவன் மனைவி சொன்னாள்: "அக்கா எனக்கு சமைக்க சொல்லிக் குடுப்பாங்க. நான் அக்காவுக்கு ருசி பாக்க சொல்லிக் குடுப்பேன். பேசிட்டோம்."

"எனக்குத் தெரியாம எப்ப பேசினீங்க?"

"முன்கூட்டியே சொல்லலன்னா எப்படி இருக்குன்னு தெரியுதாடா?" என்றாள் அக்கா. தம்பி தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். இந்த முறை நாற்காலியில் சாய்ந்தான்.

பெட்டிகளை எடுத்துவர, பயிற்சிப் பலகை மாட்டிய காரிலேயே ஆண்கள் இருவரும் கிளம்பினார்கள். தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு பிரேக் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓட்டல் போய்ச் சேரும்வரை, "நல்லா ஓட்டற மாப்ளே," என்றே சொல்லிக்கொண்டு வந்தார். நிறுத்திய பிறகு ஒரு நீளமான பட்டியல் சொன்னதாகக் கேள்வி.

திரும்பி வந்து பார்த்தால் அடுப்படியில் இரண்டு பெண்களும் இரவுச் சாப்பாட்டுக்குக் கறைப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அதற்குள் ஒரு புதுக் கறை. துளி மேடம் கரண்டியோடு கணவரிடம் வந்தாள்.

"வாயைத் திறங்க."

அவர் குடித்தார். "நல்லா இருக்கு."

"அடுப்பு எரியுதுன்னு பார்க்காதீங்க. உண்மையைச் சொல்லுங்க."

பிரேக் மாஸ்டர் அடுப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொழிலில் அதுவரை மீறாத விதி அது.

"கை நடுங்காதே?"

"நடுங்காது."

"இனிப்பு தூக்கலா இருக்கு," என்றார், வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டு.

துளி மேடம் கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். கை கொஞ்சம் தயங்கியது. பிறகு போய்விட்டது.

"ஆமா," என்றாள். "அந்த மீன் சாஸ் பாட்டிலை எடுங்க."